கொசு என்கிற ஃபோல்டர்

ஜூன் 4

தம்பிக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். மார்ச்சில் நீ பேசியதை நான் மறக்கவில்லை, நான் பேசியதை நீயும் மறந்திருக்க மாட்டாய். நீ வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அந்தப் பாறைத்தீவுக்குப் போன் கிடையாது, வாரம் ஒரு படகுதான் என்பதால் எழுதுகிறேன். போன் இருந்திருந்தால் இதற்குள் இன்னொரு சண்டை போட்டு முடித்திருப்போம்.

அம்மாவின் கண் விஷயம். போன வாரம் கொதிக்கிற வெந்நீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். டம்ளரில் இல்லை, பக்கத்தில். மேசையிலிருந்து வழிந்து முழங்காலில் கொட்டிவிட்டது. காயம் பெரிதில்லை, ஆனால் அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கும் சர்ஜன் தானே ஒரு ஃபீல்டு டெஸ்ட் எடுத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை இருக்கிறது என்று பார்த்தார். சார்ட்டில் பாதிக்கு மேல் கறுப்பு, அதாவது பார்வை இல்லாத இடம்.

"வலது கண் எப்பவோ போயிடுச்சு. இருக்கறது இடது ஒண்ணுதான். இதுல கத்தி வச்சா மிச்சப் பார்வையும் போற ஆபத்து கொஞ்சம் இருக்கு. வைக்காம விட்டா தானாவே போகலாம். ரொம்ப நாளா இப்படியேதான் இருக்கா, இல்ல வேகமா இறங்குதான்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். பழைய சார்ட் அத்தனையும் கொண்டு வாங்க" என்றார். ஜூன் 30ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அதை விட்டால் அவர் நான்கு மாதம் ஊரில் இல்லை.

ஏழு வருஷமாக அம்மாவின் இடது கண்ணுக்கு அந்த டெஸ்ட்டை எங்கள் கிளினிக்கில் எடுத்தவள் நான்தான். ஆனால் அச்சடித்த தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எல்லாமே வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நிற்காதாம், யார் சொன்னார்கள் எனக்கு? இனி பழைய கம்ப்யூட்டரும் அதில் நீ எழுதிக்கொடுத்த சார்ட் புரோகிராமும்தான் கதி. புரோகிராம் திறக்கிறது. அம்மாவின் பெயர் வருகிறது. தேதி ஏழும் வரிசையாக வருகின்றன. ஒரு தேதியைத் தொட்டால் படம் வரவில்லை. படம் வரையும் பாகத்தின் பெயரைச் சொல்லி, அது சரியாகப் பதிவு செய்யப்படவில்லை, கோப்பைக் காணோம் அல்லது செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. சரி என்று அழுத்தினால் எல்லாம் மூடிக்கொள்கிறது. நாற்பது தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன்.

என்ன செய்யவேண்டும் என்று எழுது. எனக்காக வேண்டாம், அம்மாவுக்காக.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

படகு சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போக இன்னும் இரண்டு மணி நேரம். காற்றுமானிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வேலை. சி டிரைவில் 'கொசு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அம்மா என்னைக் கூப்பிடும் பெயரையே அன்று விளையாட்டாக வைத்துவிட்டேன். புரோகிராம், படம் வரையும் பாகம், எல்லாம் அதற்குள்தான். அந்தப் பாகத்தை விண்டோஸில் மறுபடி பதிவு செய்தால் போதும். ஸ்டார்ட் போய் ரன் என்பதைத் திற. தனித்தாளில் நான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் வரியை அப்படியே அடித்து எண்டர் தட்டு. ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இடைவெளி விடவேண்டிய இடம் உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அங்கே சின்ன வட்டம் போட்டிருக்கிறேன். பதிவு வெற்றி என்று வந்தால் புரோகிராமைத் திற. வேறு எது வந்தாலும் வந்ததை வந்தபடி எழுதி அனுப்பு. நான் அங்கே இல்லை, உன் கண்ணால்தான் நான் பார்க்கவேண்டும்.

ஒரு கேள்வி. ஓடிக்கொண்டிருந்த பாகம் சும்மா கிடக்கையில் பதிவு இழக்காது. யாராவது எதையாவது நகர்த்தினார்களா, அழித்தார்களா? யோசித்துச் சொல்.

இனி நம் விஷயம். மார்ச்சில் அந்த ஏழு படத்தையும் உன் மேசையில் உட்கார்ந்து நான்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாவதில் ஓரத்தில் துளி கறுப்பு, மற்ற ஆறும் சுத்தம். உங்கள் கிளினிக் பெரிய டாக்டரும் ஆபரேஷன் தேவையில்லை என்றார். நீதான் அம்மா கதவில் இடித்துக்கொள்கிறாள், இருட்டில் தடவுகிறாள் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வயதானவர்கள் எல்லோரும்தான் இடித்துக்கொள்கிறார்கள். மனுஷன் பொய் சொல்லுவான், சார்ட் சொல்லாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அந்தச் சர்ஜனின் மெஷின்தான் கோளாறாக இருக்கும்.

அதற்காக நீ அம்மாவையும் உன் பக்கம் இழுத்திருக்க வேண்டாம். நான் கிளம்பிய அன்று கொல்லையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானாக வாயைத் திறக்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றேன். ஒரு நிமிஷம் முழுசாக நின்றேன், அக்கா. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த துணியை எடுத்து உதறினாள். நான் வந்துவிட்டேன்.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

நீ எழுதிக்கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். வேலைக்கு ஆகவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை, பெயரைச் சரிபார்க்கவும் என்று வருகிறது. அடித்தது, வந்தது இரண்டையும் மறு தாளில் பார்த்து எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மூன்று தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்டர் தட்டினேன். உள்ளதும் போய்விட்டால்? அம்மாவின் ஏழு வருஷமும் அந்தத் தகர டப்பாவுக்குள்தானே கிடக்கிறது.

எதையும் நகர்த்தினார்களா என்று கேட்டாய். நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நோயாளிகள் பட்டியல் அடிப்பதோடு சரி. வேறு யாரும் தொடுவதில்லை.

அம்மாவை நான் இழுத்தேனா? நன்றாக இருக்கிறது. நீ எழுதியதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "அவன் எங்கடி வந்தான்? சொல்லிக்கக்கூட இல்லாம போயிட்டான். துணியெல்லாம் போட்டுட்டு உள்ள வந்து பாத்தா பையும் இல்ல, ஆளும் இல்ல" என்கிறாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை, அது உனக்குத் தெரியுமா? சொல்லிக்கொள்ளாமல் போனவன் நீ. பழியை மட்டும் பெற்றவள் மேல் போடாதே.

இன்னும் பத்தொன்பது நாள். வாரத்துக்கு ஒரு படகு என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். தயவுசெய்து, இந்தத் தடவை ஒன்று ஆகாவிட்டால் என்ன செய்வது, அதுவும் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுது. கிளினிக்குக்கு வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருவரிடமும் கேட்டேன். "ஃபார்மேட் பண்ணிடலாங்க, பத்து நிமிஷம்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். குரங்கு கையில் பூமாலை கொடுப்பேனா?

அக்கா


ஜூன் 12

அக்கா,

உன் மறு தாளைப் பார்த்து ஐந்து நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. இடைவெளி என்பதற்கு நான் போட்ட வட்டத்தை நீ பூஜ்யம் என்று அடித்திருக்கிறாய்! வட்டம் என்றால் அந்த இடத்தில் ஒன்றும் அடிக்கக்கூடாது, கீபோர்டின் அடியில் இருக்கும் நீளமான கட்டையை ஒரு தடவை தட்டவேண்டும். அவ்வளவுதான். என் தப்புதான், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒரு வட்டத்துக்காக ஒரு வாரம் போயிற்றே என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். வட்டம் இல்லாமல் அடி. வெற்றி என்றால் தொல்லை விட்டது. கோப்பைக் காணோம் என்று வந்தால், நான் எழுதிய விலாசத்தில் அந்தப் பாகம் இல்லை என்று அர்த்தம். அப்போது மை கம்ப்யூட்டரைத் திறந்து, சி டிரைவுக்குள் 'கொசு' இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். விண்டோஸ் ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கிறது. எந்தப் பாகம் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று அதில் எழுதிவைத்துக்கொள்ளும். வேண்டும்போது அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும். ஆள் இல்லையென்றால் அக்கம்பக்கம் விசாரிக்காது, திரும்பி வந்து இல்லை என்று சொல்லிவிடும். பாகம் பக்கத்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

ஒன்று மட்டும் மனசைக் குடைகிறது. நான் வரவே இல்லை என்றா அம்மா சொன்னாள்? மறுபடி கேள். கொடிக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீர்த்தொட்டி ஓரமாக நின்றேன். அம்மா கோபித்துக்கொள்வாள், திட்டுவாள், பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

தம்பி


ஜூன் 18

தம்பி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

வட்டம் இல்லாமல் அடித்தேன். கோப்பைக் காணோம் என்று வந்தது. நீ சொன்னபடி சி டிரைவைத் திறந்து 'கொசு' இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. இருக்காது என்று தெரியும். அதை இல்லாமல் ஆக்கியவள் நான்தான்.

நீ கிளம்பிப் போன மறுநாள் காலையில் பட்டியல் அடிக்க உட்கார்ந்தேன். சி டிரைவைத் திறந்ததும் 'கொசு' என்று கண்ணில் பட்டது. முந்தின நாள்தான் என்னைப் பார்த்து, "உனக்கு ஆபரேஷன் பண்ண வச்சுப் பேர் வாங்கணும், அம்மா கண்ணு உனக்கு ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். அந்தப் பெயரை அழித்துவிட்டு 'குப்பை' என்று அடித்தேன். அடித்ததும் மனசு ஆறியது, பொய் சொல்வானேன். அதற்குப் பிறகு சார்ட்டைத் திறக்க வேலையே வரவில்லை, மறந்தும் போனேன்.

நீ முதல் கடிதத்தில் கேட்டபோதே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் சர்க்கரை உப்பாகிவிடுமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நகர்த்தவில்லை என்று நான் எழுதியது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. உன்னிடம் தலைகுனிய மனசு வரவில்லை. அதற்காக அம்மாவின் கண்ணில் இரண்டு வாரத்தை வீணடித்திருக்கிறேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

பெயரை மறுபடி 'கொசு' என்று மாற்றினேன். நீ கொடுத்த வரியை அடித்தேன். பதிவு வெற்றி என்று வந்தது. புரோகிராமைத் திறந்து முதல் தேதியைத் தொட்டேன், படம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்தான். ஏழு படத்தையும் பார்த்தேன். இரண்டாவதில் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. மற்றதெல்லாம் நீ சொன்ன மாதிரியே சுத்தம். கடைசிப் படம் பிப்ரவரியில் எடுத்தது, பளிச்சென்று இருக்கிறது. நீதான் ஜெயித்தாய். அப்படியானால் ஆஸ்பத்திரி எடுத்த கறுப்பு எங்கிருந்து வந்தது? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சர்ஜன், போன பிப்ரவரிவரை நன்றாகத்தானே இருந்திருக்கிறது, நாலு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார். காலையில் அம்மா செருப்பைத் தேடுகிறாள், அது அவள் காலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இந்த சார்ட்டைக் கொடுப்பதா, ஒளிப்பதா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அக்கா


ஜூன் 19

அக்கா,

இன்று படகு வரவில்லை. கடல் கொந்தளிக்கிறது. இங்கே இருக்கும் ரேடியோவில் காற்று, மழை, உயிராபத்து இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. அம்மாவின் கண் இதில் எதில் சேரும் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் மழைக் கணக்கை எழுதப் போய்விட்டார். கடிதம் எப்போது போகும் என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாரம் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். நான் கொடிக்குப் பக்கத்தில் நின்றேன், அது சத்தியம். நான் வரவில்லை என்று அம்மா சொல்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், அதுவும் சத்தியம். இரண்டும் எப்படி ஒன்றாக நிஜமாகும்? இன்று காலை மழைமானியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பட்டது. தண்ணீர்த்தொட்டி அம்மாவுக்கு வலப்பக்கம். நான் அங்கே நின்றேன். அவள் என்னைப் பார்க்க மறுக்கவில்லை அக்கா. அவளுக்கு நான் தெரியவில்லை.

வலது கண் இல்லாவிட்டாலும், சார்ட் சொல்கிற மாதிரி இடது கண் சுத்தமாக இருந்தால் மூன்றடியில் நிற்கிறவன் தெரியாமல் போவானா? அப்படியென்றால் சார்ட் பொய். சார்ட் எப்படிப் பொய் சொல்லும்? அதற்குப் பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. நீ சொல்லித்தந்ததுதான். விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும், ஆனால் அந்த மெஷின் நடுநடுவே விளக்கே காட்டாமல் சத்தம் மட்டும் கொடுத்து ஏமாற்றிப் பார்க்கும். ஆள் உண்மையிலேயே பார்த்து அழுத்துகிறாரா, குத்துமதிப்பாக அழுத்துகிறாரா என்று தெரிந்துகொள்வதற்காக. விளக்கு வராதபோது எத்தனை தடவை அழுத்தினார் என்ற கணக்கு அதில் சேரும். புரோகிராம் எழுதும்போது அதை முதல் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். பெரிய டாக்டர், "ஒரே நெரிசலா இருக்கு, படம் மட்டும் போதும்ப்பா" என்றார். இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். மார்ச்சில் ஏழு படத்தையும் பார்த்தவன் ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திருப்பவில்லை.

படம் திறந்தால், கீழே வலது மூலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தொடு. தயவுசெய்து தொடு.

ஜூன் 26. படகு வந்துவிட்டது. உன் 18ஆம் தேதிக் கடிதம் கைக்கு வந்தது. குப்பையா? சரி, அன்று நான் பேசியதற்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ புரோகிராமைத் திறக்கத் தட்டும் ஐகான் மட்டும் புதுப் பெயரைத் தானே மோப்பம் பிடித்துத் திறந்திருக்கிறது. அதனால்தான் நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. சார்ட்டை ஒளிக்காதே. முதலில் அம்புக்குறி. 30க்கு நான்கு நாள்தான் இருக்கிறது. இது நாளைக்கு உன் கையில் கிடைக்கவேண்டும்.

கொசு


ஜூன் 28

கொசுவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் உன் கடிதம் வந்தது. ஓட்டமாகக் கிளினிக்குக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். அம்புக்குறியைத் தொட்டேன்.

விளக்கு வராமல் சத்தம் மட்டும் கொடுத்தது ஒவ்வொரு வருஷமும் முப்பது தடவை. அதில் அம்மா அழுத்தியது முதல் வருஷம் ஒன்று. இரண்டாம் வருஷம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வருஷம் ஒன்பது. பிறகு பதின்மூன்று, பதினாறு, இருபது. இந்த பிப்ரவரியில் இருபத்திரண்டு.

ஏழு வருஷமும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். தினம் பத்துப் பேருக்கு அதே டெஸ்ட்டை எடுக்கிறவள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"விளக்கு தெரியாதப்ப எதுக்கும்மா அழுத்தின?"

"தெரிஞ்சுடுச்சா?" என்றாள். திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி அவள் முகம். "ரெண்டாவது தடவை எடுத்தப்ப ஓரமா கறுப்பு வந்துச்சு பாரு, அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். பொசுக்குனு ஆயிடுச்சு. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல நீ. அடுத்த தடவை நல்லா வந்ததும் 'சூப்பர்மா'ன்னு முதுகுல தட்டின. பொண்ணு வைக்கிற பரீட்சையில அம்மா ஃபெயிலானா நல்லாவா இருக்கும்? அங்க எல்லாரும் உன்னையில்ல பாப்பாங்க?"

"அது பரீட்சை இல்லம்மா!"

"உனக்கு இல்ல. எனக்குப் பரீட்சைதான். பெரிய ஆஸ்பத்திரியில எடுத்தவர் யாரோ, அங்க தெரிஞ்சதுக்கு மட்டும் அழுத்தினேன். உன் மிஷின் டொக்கு டொக்குன்னு ஒரு தாளத்துல சத்தம் போடும். சத்தம் வந்தா விளக்கும் வந்திருக்கும்னு அழுத்திடுவேன். கண்ணுதானே போச்சு, காது நல்லாத்தானே இருக்கு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒவ்வொரு வருஷமும் டெஸ்ட் முடிந்ததும் முதுகில் தட்டி, சூப்பர்மா என்று சொல்லிச் சொல்லி, அவள் கண்ணை நானே மூடியிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். இன்று காலையில் அவள் துணி காயப்போடும்போது மெல்லப் போய்த் தண்ணீர்த்தொட்டி ஓரமாக நின்றேன். நீ நின்ற இடம். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். அம்மா போர்வையைப் பிழிந்தாள், உதறினாள், என் தலைமேலேயே போட்டாள். "யார்ரா அது!" என்று ஒரே அலறல். ஈரப் போர்வைக்குள் நின்று நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை. நீ அவளிடம் சொல்லிக்கொள்ளத்தான் போனாய். அவளிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் அழுதாள். கண்ணுக்காக அவள் இதுவரை ஒரு தடவைகூட அழவில்லை.

நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. ஏழு படத்தோடு இரண்டாம் பக்கத்தையும் நல்ல தாளில் அச்சடித்துவிட்டேன். சர்ஜன் என்ன சொல்வாரோ. இதைப் படகில் சேர்க்க வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவேண்டும். அதற்குள் எது நடந்தாலும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.

ஜூலை 2. நேற்று ஆபரேஷன் முடிந்தது. சர்ஜன் இரண்டாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "முதல் ரெண்டு சார்ட்தான் நிஜம். மத்ததெல்லாம் உங்க அம்மாவோட நல்ல மனசு" என்றார். "அந்த ரெண்டையும் இப்ப இருக்கறதையும் வச்சுப் பாத்தா நிறைய இறங்கியிருக்கு. நாலு மாசம் தள்ளிப்போட்டிருந்தா நான் திரும்பி வரும்போது ஆபரேஷன் பண்ண ஒண்ணும் இருந்திருக்காது." கண்ணில் போட்ட கட்டை நாளைக்குப் பிரிப்பார்கள். போன பார்வை வராதாம். இருப்பது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மிச்சமும் போய்விடுமோ என்று இந்த நிமிஷம் எனக்குப் பயம் பயமாக வருகிறது. அம்மா தூங்குகிறாள்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

அம்மாவின் கண் கட்டை இன்று பிரித்திருப்பார்கள். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய இன்னும் ஏழு நாள். காற்றுமானியைப் பார்த்துப் பார்த்துத் தப்பு தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே. பக்கத்தைத் திருப்பாதவன் நான். கொல்லையில் அம்மாவைக் கூப்பிடாதவனும் நான்தான். ஒரு வார்த்தை, 'அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாள். பார்க்கட்டும், அவளாகவே பார்க்கட்டும் என்று வீம்பாக நின்றேன். சார்ட் பொய் சொல்லாது என்று பெரிய மேதாவி மாதிரி உனக்குப் பாடம் நடத்தியவன், அவள் மூன்றடியில் என்னைப் பார்க்காததைக் கண்ணால் கண்டும் அதற்கு மட்டும் வேறு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7 படகில் வர லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை இரண்டே வரியாக இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் எழுது.

கொசு


ஜூலை 30

கொசுவுக்கு,

வாராவாரம் இரண்டு வரிதான் எழுதினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இன்று எழுத விஷயம் இருக்கிறது. நேற்று அம்மாவுக்கு மறுபடி ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி எடுத்தாள். நான் உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே டொக்கு டொக்கு என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும், அழுத்தாதே, தெரியாவிட்டால் அழுத்தாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஃபெயிலாயிட்டேன்டி! பாதிக்குப் பாதி விட்டுட்டேன். தெரியலைன்னா கையை எடுத்துட்டேன்" என்றாள். வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு வராதபோது அழுத்தியது முப்பதில் ஒன்று. அந்த ஒன்றும் தும்மல் வந்து கை அழுத்தியதாம்.

சார்ட்டில் பாதிக்கு மேல் கறுப்புதான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த அதே கறுப்பு, ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. சர்ஜன் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினார். பொருந்திவிட்டது. நின்றுவிட்டது கொசு, இருப்பது நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் நேற்றுத்தான் எனக்குப் பசி எடுத்தது.

கிளினிக்கில் புதுக் கம்ப்யூட்டர் போடப்போகிறார்கள். பழையதை நான் வீட்டுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஃபோல்டரின் பெயரை இனி யாராவது தொட்டால் கையை முறித்துவிடுவேன். நான் உட்பட.

நீ எனக்கு எழுதிய மாதிரியே உனக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. அம்மாவுக்கு மிச்சம் இருக்கும் பார்வையெல்லாம் இடப்பக்கம்தான். ஏழாம் தேதி நீ வரும்போது அவள் கொல்லையில் இருப்பாள். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போகாதே, கொடியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்து நில். அவசரத்தில் மறந்துபோய்ப் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், வாயைத் திறந்து அம்மா என்று கூப்பிடு.

அக்கா